ஆயில் விளக்கு எரியுதா? உடனே வண்டியை நிறுத்துங்க!



நம் குழுக்களில் கடன் எடுத்து ஆடு வாங்கியவர்கள் உண்டு, கறவை மாடு வாங்கியவர்கள் உண்டு. இப்போது நாலைந்து பேர் சேர்ந்தோ, குழுவாகவோ சரக்கு வண்டியும் வாங்குகிறார்கள். பெரும்பாலும் யாரோ ஓட்டிக் கழித்த பழைய வண்டிதான். நம் கைக்கு எட்டும் விலை அதுதானே.

மாடு வாங்கினால் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தொழுவத்துக்குப் போகிறோம். தீவனம் தின்றதா, சாணி ஒழுங்காகப் போட்டதா, மூக்கு ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஆனால் மாட்டைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய வண்டியை யார் பார்க்கிறார்கள்? "அதெல்லாம் டிரைவர் தம்பி பாத்துக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டதால் ஒரு குழு பட்ட பாட்டை நேரில் பார்த்தவள் நான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது என்ன?

சில வருஷங்களுக்கு முன்னால், உடன்குடிப் பக்கத்தில் ஒரு குழு கருப்பட்டி, சில்லுக்கருப்பட்டி, பனை ஓலைப் பெட்டி வியாபாரம் செய்துகொண்டிருந்தது. கடன் வாங்கி ஒரு பழைய குட்டியானை வண்டி எடுத்தார்கள். உறுப்பினர் ஒருவரின் மகன்தான் டிரைவர். நல்ல பையன், குடிப்பழக்கம் கிடையாது. திருச்செந்தூர், தூத்துக்குடி என்று பக்கத்து ஊர்களுக்கு வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

சித்திரை மாசம் திருச்சியில் ஒரு கண்காட்சியில் கடை போட இடம் கிடைத்தது. உடன்குடியிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். குழுத் தலைவி அக்கா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனார். நானும் மற்ற இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம்.

அருப்புக்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தும்போது, டிரைவருக்கு முன்னால் உள்ள மீட்டர் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுக்கியிருக்கிறது. தலைவி அக்கா கேட்டார், "தம்பி, இது என்னமோ எரியுதே, என்னப்பா?" பையன் இறங்கி ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தான். "ஆயில் நெறையா இருக்குக்கா. விளக்கு ஒயர் லூசா இருக்கும்" என்றான். மறுபடி கிளம்பினார்கள்.

மதுரை தாண்டி, மேலூரும் தாண்டியது. அந்த விளக்கு இப்போது அணையாமலே எரிந்தது. "திருச்சி போயிப் பாத்துக்கலாம்" என்று ஓட்டினான். கொஞ்ச நேரத்தில் இன்ஜினிலிருந்து டக் டக் என்று சுத்தியால் அடிப்பது போல சத்தம். பிறகு வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அதற்குப் பிறகு இன்ஜின் சுற்றவே இல்லை.

சரக்கை வாடகை வண்டிக்கு மாற்றினோம். கட்டி இழுத்து வண்டியை மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோனோம். கண்காட்சியில் முதல் இரண்டு நாள் வியாபாரம் போச்சு. இன்ஜின் வேலைக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் ஆனது. மூன்று மாதம் தவணை கட்ட முடியவில்லை.

பணம் போனதைவிடப் பெரிய சங்கடம் குழுவுக்குள்ளே வந்தது. எல்லோரும் டிரைவர் பையனைத் திட்டினார்கள். அவன் அம்மா கூட்டத்தில் அழுதார். "எம்மவன் வேணும்னா செஞ்சான்? ஆயில் இருக்கான்னு பாத்தாம்லா!" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். ஆயில் இருந்தது. பிறகு ஏன் இன்ஜின் போனது? எனக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கடனுக்குச் சிபாரிசு எழுதியவள் நான். தவணை எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று கணக்குப் போட்டேனே தவிர, வண்டியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதனால் மெக்கானிக் அண்ணனிடமே போய் உட்கார்ந்து, விளக்கமாகச் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு நான் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

அளவு வேறு, அழுத்தம் வேறு

நம் ஊர்க் கிணற்றையும் மோட்டாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மோட்டார் அதை இழுத்துக் குழாயில் தள்ளுகிறது. கடைசித் தெருக் குழாய் வரை தண்ணீர் வேகமாக வந்தால்தான் குடம் நிறையும்.

வண்டி இன்ஜினிலும் இதேதான். அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. அதில்தான் ஆயில் கிடக்கிறது. ஆயில் பம்ப் என்ற சின்ன மோட்டார் அதை இழுத்து, ஃபில்டர் வழியாக வடிகட்டி, இன்ஜினின் மூலை முடுக்கெல்லாம் தள்ளுகிறது. உள்ளே இரும்பு வேகமாகச் சுற்றும் இடங்களில், இரண்டு இரும்புக்கும் நடுவில் ஆயில் மெல்லிய படலமாக நிற்கிறது. அந்தப் படலம் இருக்கும்வரை இரும்பு இரும்பை உரசாது. அது போய்விட்டால் உரசிச் சூடேறி, சில நிமிஷத்திலேயே பேரிங் தேய்ந்து இன்ஜின் ஜாம் ஆகிவிடும்.

ஆயில் குச்சி காட்டுவது கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை. ஆயில் விளக்கு காட்டுவது குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதை. கிணறு நிறைந்திருந்தும் குழாய் வறண்டு கிடக்கலாம் இல்லையா? அந்த வண்டிக்கு நடந்தது அதுதான்.

அழுத்தம் குறைய என்ன காரணம்?

1. கிணறு வற்றிப்போவது. ஆயில் ஒழுகியோ, எரிந்தோ குறைந்துபோனால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். வளைவில் திரும்பும்போதும், மேட்டில் ஏறும்போதும் மட்டும் விளக்கு மினுக்கினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

2. புட் வால்வில் குப்பை அடைப்பது. தொட்டிக்குள் பம்ப் ஆயிலை இழுக்கும் இடத்தில் ஒரு சல்லடை உண்டு. ஆயிலைக் காலத்தில் மாற்றாவிட்டால் அது கெட்டியாகி, எண்ணெய்ச் சட்டி அடியில் தங்கும் கசடு போல ஆகிவிடும். அந்தக் கசடு சல்லடையை அடைத்துவிடும். திருச்சிக்குப் போன வண்டியின் தொட்டியைக் கழற்றியபோது தார் போலக் கருப்பாக ஒட்டிக்கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

3. குழாயில் ஓட்டை விழுவது. பேரிங் தேய்ந்து இடைவெளி அதிகமானால் ஆயில் அங்கேயே வழிந்துவிடும். கடைசிவரை வேகம் போய்ச் சேராது. நிறைய ஓடிய பழைய வண்டிகளில் இது சகஜம்.

4. மோட்டாரே பழுதாவது. ஆயில் பம்ப் தேய்ந்துபோவது.

5. ஆயில் தண்ணியாகிப்போவது. வண்டிக்கு ஒவ்வாத ஆயிலை ஊற்றினாலோ, ஆயிலில் டீசல் கலந்தாலோ இப்படி ஆகும்.

6. விளக்குக்கான சுவிட்சோ, ஒயரோ கெட்டுப்போவது. இதுவும் உண்டு. ஆனால் முதலில் இதையே நினைத்து ஓட்டக் கூடாது. அழுத்தத்தை அளந்து பார்த்த பிறகுதான் சுவிட்ச் மேல் பழி போட வேண்டும்.

பக்கத்து ஊருக்கு ஓடிய வண்டி தூரப் பயணத்தில் ஏன் நின்றது?

விளக்கெண்ணெயைப் பாருங்கள். ஆறியிருக்கும்போது கெட்டியாக இருக்கும். சூடு பண்ணினால் தண்ணி போல ஓடும். இன்ஜின் ஆயிலும் சூடேற ஏற இளகும். இளகினால் அழுத்தம் குறையும். பத்து, இருபது கிலோமீட்டர் ஓட்டத்தில் தெரியாத குறை, வெயிலில் சரக்கு ஏற்றி நாலு மணி நேரம் ஓட்டும்போது வெளியே வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. எப்போதும் கொஞ்ச தூரமே ஓடும் வண்டியில் ஆயில் முழுதாகச் சூடேறாது. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கும். அதனால் கசடு சீக்கிரம் சேரும். "வண்டி அதிகம் ஓடலையே, ஆயில் எதுக்கு மாத்தணும்?" என்று நினைக்காதீர்கள். கிலோமீட்டர் கணக்கு, மாதக் கணக்கு இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மாதம் என்பது வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கும்.

நாமே பார்ப்பது எப்படி?

ஆயில் அளவு: வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து, பத்து நிமிஷம் விடுங்கள். ஆயில் கீழே வடியட்டும். குச்சியை உருவி, சுத்தமான துணியில் துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி எடுங்கள். குச்சியில் கீழ்க்கோடு, மேல்கோடு என்று இரண்டு குறி இருக்கும். ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில், மேல்கோட்டை ஒட்டி இருந்தால் நல்லது. மேல்கோட்டைத் தாண்டியும் ஊற்றக் கூடாது. அதிகமானால் நுரை கட்டி, அதுவும் கெடுதல் செய்யும்.

ஆயிலின் நிலை: டீசல் வண்டியில் ஆயில் சீக்கிரமே கருப்பாகிவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம். பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். டீசல் வாடை வந்தாலோ, நாம் ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலோ, பயணத்தை நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஆயில் விளக்கு: மூக்கு வைத்த எண்ணெய்க் கிண்டி போலப் படம் போட்டிருக்கும். நுனியில் ஒரு சொட்டு விழுவது போல இருக்கும். சாவியைத் திருப்பி, இன்ஜினை ஓட்டாமல் பாருங்கள். விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கிய சில நொடியில் அணைந்துவிட வேண்டும்.

சாவி போட்டும் விளக்கு எரியவே இல்லை என்றால் "நல்லது, பிரச்னை இல்லை" என்று நினைக்கக் கூடாது. பல்ப் போயிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம். பழைய வண்டி விற்கிற சிலர் குறையை மறைக்க ஒயரைக் கழற்றிவிடுவதும் உண்டு. வண்டி வாங்கப் போகும்போது இதைக் கட்டாயம் பாருங்கள்.

அழுத்தத்தை அளந்து பார்ப்பது

விளக்கு ஒரு கடைசி எச்சரிக்கைதான். பல வண்டிகளில் அழுத்தம் 5 முதல் 7 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறங்கிய பிறகுதான் அது எரியும். டயருக்குக் காற்று பிடிக்கும்போது 30, 35 என்று சொல்கிறோமே, அதே அளவுதான் இது. அப்படியானால் 7 என்பது எவ்வளவு குறைவு என்று பாருங்கள். விளக்கு எரியும்போது ஆபத்து வாசலுக்கே வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதனால் பழைய வண்டியில் தூரப் பயணம் போகும் முன் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக் ஆயில் சுவிட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜை மாட்டுவார். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் அளக்க வேண்டும். ஆறின இன்ஜினில் அழுத்தம் அதிகமாகக் காட்டி நம்மை ஏமாற்றும். சும்மா ஓடும்போது ஒரு தடவை, வேகம் கொடுத்து ஒரு தடவை என்று இரண்டு அளவு எடுக்கச் சொல்லுங்கள். நிமிஷத்துக்கு 1000 சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகள் கையாளும் பொதுக் கணக்கு. ஆனால் வண்டிக்கு வண்டி இது மாறும். கம்பெனி புத்தகத்தில் உள்ள அளவுதான் முடிவு. அந்த இரண்டு அளவையும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை அளக்கும்போது குறைந்திருக்கிறதா என்று ஒப்பிடலாம்.

விளக்கு மினுக்கும் வண்டிக்கு "கெட்டி ஆயில் ஊத்துனா சரியாயிரும்" என்று சிலர் சொல்வார்கள். விளக்கு அணையலாம். தேய்ந்த பேரிங் வளருமா? காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு களையெடுக்கப் போவது போலத்தான். உள்ளே இருக்கிற நோய் அப்படியே இருக்கும்.

வழியில் விளக்கு எரிந்தால்

• ஓரமாக, பத்திரமான இடத்தில் உடனே நிறுத்துங்கள். "அடுத்த ஊர் வரைக்கும்" என்று ஓட்ட வேண்டாம்.
• இன்ஜினை அணையுங்கள். ஓடவிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம்.
• கொஞ்ச நேரம் கழித்துக் குச்சியைப் பாருங்கள். வண்டிக்கு அடியில் ஒழுகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.
• ஆயில் குறைவாக இருந்தால், அதே ரக ஆயிலை ஊற்றி இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். விளக்கு அணைந்தால், ஒழுகலும் இல்லாவிட்டால், அடுத்த மெக்கானிக் கடை வரை மெதுவாகப் போகலாம்.
• ஆயில் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் மறுபடி இன்ஜினை ஓட்டவே கூடாது. மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள், அல்லது கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

கட்டி இழுக்கிற கூலி சில ஆயிரம். இன்ஜின் போனால் பல ஆயிரம். நம் குழுக் கணக்குப் புத்தகமே இதற்குப் பதில் சொல்லும்.

தூரப் பயணத்துக்கு வண்டியைத் தயார் செய்வது

ஒரு வாரத்துக்கு முன்: ஆயில், ஆயில் ஃபில்டர் மாற்ற வேண்டிய காலம் வந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய ஃபில்டரில் புது ஆயில் ஊற்றுவது, கழுவாத குடத்தில் நல்ல தண்ணீர் பிடிப்பது போல. பிரேக், பேன் பெல்ட், ரேடியேட்டர் குழாய், பேட்டரி ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பயணத்துக்கு முந்தின நாள் இந்த வேலைகளை வைத்துக்கொள்ள வேண்டாம். புதிதாகக் கழற்றி மாட்டிய இடத்தில் ஒழுகினால், உள்ளூரிலேயே தெரியட்டும்.

டயர்: பட்டன் தேய்ந்திருக்கிறதா, பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். டயரின் பக்கத்தில் நாலு எண் அச்சிட்டிருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். பட்டன் இருந்தாலும் ரொம்ப வயசான டயர் வெயிலில் வெடிக்கும். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். காற்றை டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும்.

கிளம்புகிற நாள் காலையில்: ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் அளவு, எல்லா விளக்கு, ஹாரன், வைப்பர். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

கையில் வைத்துக்கொள்ள: அதே ரக ஆயில் ஒரு லிட்டர், ஒரு கேன் தண்ணீர், ஜாக்கி, வீல் ஸ்பேனர், டார்ச், முதலுதவிப் பெட்டி.

பேப்பர்கள்: ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், பெர்மிட், புகைச் சான்று, டிரைவர் லைசென்ஸ், எஃப்.சி. சரக்கு வண்டி 8 வருஷத்தைத் தாண்டினால் எஃப்.சி.யை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டி வாங்கியவர்கள் தேதியைப் பாருங்கள்.

ஆள் ஏற்றாதீர்கள்: "கண்காட்சிக்குத்தானே போறோம், பின்னாடி சரக்கோட உக்காந்துக்கலாம்" என்று யாரும் ஏற வேண்டாம். சரக்கு வண்டியில் பின்னால் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் நஷ்டஈடு கிடைப்பதும் சிக்கலாகும். பஸ் கட்டணம் மிச்சம் பிடிக்கப் போய் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

டிரைவர்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இறங்கி நடக்கட்டும். ராத்திரி முழுக்கச் சரக்கு ஏற்றிவிட்டு விடியக்காலையில் ஓட்டச் சொல்லாதீர்கள்.

வண்டிக்கும் ஒரு நோட்டு

அந்தக் குழுவில் தீர்மான நோட்டு இருந்தது, சேமிப்பு நோட்டு இருந்தது, கடன் நோட்டு இருந்தது. வண்டிக்கு என்று ஒரு நோட்டு இல்லை. கடைசியாக எப்போது ஆயில் மாற்றினோம் என்று கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை. வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அப்படியானால் தப்பு டிரைவர் பையன் மேல் மட்டுமா? எங்கள் எல்லோர் மேலும்தான். இதைக் கூட்டத்தில் நானே சொன்னேன். அதற்குப் பிறகுதான் அந்த அம்மாவின் அழுகை நின்றது.

அன்றைக்கே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஆயில் அளவு, ஆயில் மற்றும் ஃபில்டர் மாற்றிய நாள், அழுத்த அளவு, செலவு, பார்த்தவர் கையெழுத்து என்று கோடு போட்டோம். வாரம் ஒரு உறுப்பினர் முறை வைத்துப் பார்த்து எழுத வேண்டும். மாதக் கூட்டத்தில் கடன் நோட்டோடு இந்த நோட்டையும் வாசிக்க வேண்டும். வண்டி வருமானத்தில் மாதாமாதம் ஒரு தொகையை ரிப்பேருக்கு என்று தனியாக எடுத்துவைக்கவும் தீர்மானம் போட்டோம்.

அடுத்த வருஷம் மறுபடி திருச்சி கண்காட்சி வந்தது. அதே வண்டி, அதே டிரைவர். விராலிமலை அருகில் ஆயில் விளக்கு எரிந்தது. தலைவி அக்கா வாயைத் திறப்பதற்குள் பையன் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டான். குச்சியைப் பார்த்தான், ஆயில் சரியாக இருந்தது. போன தடவையும் சரியாகத்தான் இருந்தது. அதனால் ஓட்டவில்லை, மெக்கானிக்கை வரவழைத்தான். அவர் கேஜ் வைத்துப் பார்த்தார். அழுத்தம் நன்றாக இருந்தது. கெட்டுப்போனது சுவிட்ச் மட்டும்தான். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். "சுவிட்சுக்காகப் போயி இவ்வளவு நேரம் நின்னுட்டோமே" என்று ஒருவர் சலித்துக்கொண்டார். தலைவி அக்கா சொன்னார்: "நின்னது நல்லதுதான். நிக்காம ஓடுனா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும்லா."

உங்கள் குழுவில் வண்டி இருந்தால், அடுத்த கூட்டத்தில் இந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள்:

1. நம் வண்டியில் கடைசியாக ஆயிலும் ஃபில்டரும் மாற்றியது எப்போது?
2. சாவி போட்டால் ஆயில் விளக்கு எரிகிறதா? இன்ஜின் ஓடியதும் அணைகிறதா?
3. வழியில் அது எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று டிரைவருக்கும் நமக்கும் தெரியுமா?

பதில் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் வண்டிப் பக்கம் போய், குச்சியை உருவிப் பாருங்கள். கடன் நம்முடையது. வண்டியும் நம்முடையதுதானே!